மாணெக் சௌக்கில் ஒரு காலை

ஆமதாபாத்தின் மணிநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு மாணெக் சௌக் புதிய இடமன்று. காலையில் காய்கறி, பகலில் பொன் வெள்ளி வாணிகம், இரவில் சிற்றுண்டிக் கடைகள் என ஒரே சதுக்கம் நாள்தோறும் மும்முறை கோலம் மாறும். சென்ற மாதம் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்த நாங்கள் ஒரு காலைப் பொழுதில் அங்குச் சென்றோம்.

கொத்தமல்லிக் கட்டுக்கு நாங்கள் பேரம் பேச, காய் விற்ற அம்மையார் சிரித்தவாறே தம் கதையைக் கூறலானார். கணவர் மறைந்தபோது பிள்ளைகள் மூவரும் சிறுவர்களாம். காலையில் வட்டிக்கு வாங்கிய முதலை மாலையில் திருப்பிக் கொடுத்தால், எஞ்சியது ரொட்டிக்கும் போதவில்லை. தள்ளுவண்டியும் வாடகையே. "கணவனில்லாதவளுக்கு யார் ஜாமீன் நிற்பார்?" என்று எங்களையே வினவினார். பின்னர்ச் சேவா வங்கியில் சிறுகச் சிறுகச் சேமித்து, கடன் பெற்று, சொந்த வண்டி வாங்கினாராம்.

அவ்வங்கியின் வரலாறு நாம் அறியத்தக்கது. வழக்கறிஞர் இலா பட் அம்மையார் 1972-இல் சுயதொழில் புரியும் பெண்களுக்கெனச் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். ஏழைப் பெண்களை மற்ற வங்கிகள் மதிக்காமையால், 1974-இல் 4,000 பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு செலுத்தித் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கியை அமைத்தனர். கையெழுத்திட அறியாதோருக்குப் புகைப்படமே அடையாளமாயிற்று. வீடு தேடி வந்து சேமிப்பைப் பெற்றுச் செல்லும் பெண்களும் உளர்.

எனினும் கடன் கடனே. மழையில் காய் அழுகினாலும் தவணை நிற்பதில்லை. முதல் கிடைத்தாலும் தெருவில் அமர இடம் வேண்டுமே! தெரு வியாபாரிகளைக் காக்க 2014-இல் சட்டம் வந்துள்ளது. ஆயினும் காவலரைக் கண்டால் கூடையைத் தூக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை என்றார் அவர்.

விடைபெறுமுன் இடுப்புப் பையிலிருந்து பாஸ்புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அதிலிருந்த படத்தில் இளமை முகம். எதிரே நரைத்த தலை. "இதில் என் பெயர் மட்டுமே இருக்கிறது" என்றார். கொத்தமல்லிக்கு அவர் கேட்ட விலையையே கொடுத்தோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களிலும் தனித்து நின்று பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் உண்டு. அப்பளமோ தையலோ தொடங்க விழையும் அவர்களுக்கு நாம் இதுவரை இரக்கத்தையே அளித்துள்ளோம். இனியேனும் தலைக்குப் பத்து ரூபாய் சேர்க்கத் தொடங்கலாகாதா?