ரோவர் உடம்பு, டிராக்டர் இதயம் – ஸ்டாண்டர்ட் 2000

நெய்வேலியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. (சாய்ஸ் கிடையாது!) தாம்பரத்துக்கு முன்னால் பெருங்களத்தூரில் ரோட்டோரம் உயரமாக ஒரு ஐ.டி. வளாகம் நிற்கிறதே, அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது? 2024லிருந்து பெரும்பாலான பஸ்கள் கிளாம்பாக்கத்திலேயே இறக்கிவிட்டுவிடுவதால் பாதிப் பேர் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

விடை: கார் ஃபேக்டரி. அங்கே கடைசியாகச் செய்த கார், அந்தக் காலத்தில் இந்தியாவில் வாங்கக்கூடிய பெரிய சொகுசு கார்களில் ஒன்று. பெயர் ஸ்டாண்டர்ட் 2000.

கம்பெனியின் பெயர் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1948ல் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது. முதலில் வேன்கார்ட், அப்புறம் டென், பென்னன்ட். 1961ல் ஹெரால்ட் வந்தது. ஆங்கிலேயர்களுக்கு ஹெரால்டில் கடைசி வரை இரண்டு கதவுதான். நம்மூரில் தாத்தா, பாட்டி, மாமா, மாமா பிள்ளைகள் எல்லோரும் ஏற வேண்டுமே, அதனால் இங்கே மட்டும் நாலு கதவு ஹெரால்ட் செய்தார்கள்! அதையே கொஞ்சம் மாற்றி 1972ல் கெஸல் என்று விட்டார்கள். 1977ல் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு எட்டு வருஷம் கம்பெனி கார் எதுவும் செய்யவில்லை, வேன் செய்து காலம் தள்ளியது.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் கார் விற்பதை 1963லேயே நிறுத்திவிட்டார்கள். பெற்றவர்களே மறந்துபோன பெயரை இன்னும் 25 வருஷம் சுமந்தது மெட்ராஸ்.

சரி, கதாநாயகனுக்கு வருவோம். 1976ல் இங்கிலாந்தில் ரோவர் எஸ்டி1 என்று ஒரு கார் வந்தது. வடிவமைத்தவர் டேவிட் பேச். ஃபெராரி டேடோனாவைப் பார்த்து முகத்தை வரைந்தார் என்பார்கள், பார்த்தால் நம்பத்தான் தோன்றும். அன்றைய பெரிய கார்கள் எல்லாம் பெட்டி மேல் பெட்டி வைத்த மாதிரி இருக்க, இது மட்டும் வழுக்கிக்கொண்டு போகும் உடம்பு, பின்னால் மேலே தூக்கித் திறக்கும் ஐந்தாவது கதவு. 1977ம் வருஷத்தின் சிறந்த ஐரோப்பிய கார் விருதை வாங்கியது. உள்ளே 3.5 லிட்டர் வி8 என்ஜின், 155 குதிரைசக்தி. இங்கிலாந்து போலீஸ்காரர்களே திருடனைத் துரத்த இதைத்தான் வைத்திருந்தார்கள்.

இந்தக் காரைத்தான் 1985ல் பெருங்களத்தூரில் செய்ய ஆரம்பித்தார்கள். மேடு பள்ளத்துக்காக சஸ்பென்ஷனைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். நல்ல விஷயம். ஆனால் பானெட்டைத் திறந்தால்...

உள்ளே இருந்தது பழைய வேன்கார்ட் என்ஜினின் வாரிசு! நாலு சிலிண்டர், 1991 சிசி, 83 குதிரைசக்தி. 1940களில் வடிவமைத்த என்ஜின் அது. அதன் அண்ணன் தம்பிகள்தான் ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் ஐரோப்பா முழுக்க உழுதார்கள். அந்த டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஃபெராரி முகம், டிராக்டர் இதயம்! ஒன்றேகால் டன்னுக்கு மேற்பட்ட காரை அது எப்படி இழுத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்காகக் கம்பெனியை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து என்ஜினும் பாகங்களும் இறக்க லைசென்ஸ், சுங்கவரி, அன்னியச் செலாவணி என்று ஆயிரம் தடை. கையில் இருந்த மெஷினில் செய்ய முடிந்த என்ஜின் இதுதான். பக்கத்து வீடுகளிலும் இதே கதை. கான்டெஸா என்பது பழைய வாக்ஸ்ஹால் உடம்புக்குள் அம்பாசடரின் என்ஜின். பிரீமியர் 118 என்இ என்பது 1960களின் ஃபியட் உடம்புக்குள் நிஸான் என்ஜின். பிற்பாடு இசுசு என்ஜின் கிடைத்ததால் கான்டெஸா பிழைத்தது. ஸ்டாண்டர்டுக்கு அப்படி யாரும் கை கொடுக்கவில்லை. எதிரே 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 வேறு. 1988ல் உற்பத்தி நின்றது. மூணே வருஷம்.

மிஞ்சிய கார்களை எடுத்துப் புதுப்பிக்க நினைக்கிறவர்களின் பாடு எப்படி இருக்கும்? இங்கேதான் கதை தலைகீழாகிறது.

எல்லோரும் கேலி செய்த என்ஜின்தான் ரிப்பேர் செய்ய ரொம்ப சுலபம். இது வெட் லைனர் என்ஜின். அதாவது சிலிண்டர்கள் பிளாக்கோடு ஒன்றாக வார்த்தவை அல்ல. தனித்தனிக் குழாய்கள், வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் நேராகத் தொடும். தேய்ந்துபோனால் பழைய குழாயை உருவிவிட்டு புதுசைச் சொருகலாம், போரிங் தேவையில்லை. வயல்காட்டில் வைத்தே டிராக்டர் என்ஜினைச் சரிசெய்ய வசதியான அமைப்பு. கவனம் வேண்டியது ஒரே இடத்தில். குழாய்களின் அடியில் எட்டு வடிவத்தில் இரண்டு கேஸ்கெட் வரும். அதன் மேல் குழாய் உட்கார்ந்ததும் அதன் விளிம்பு பிளாக்கை விட ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று நாலு பங்கு உயரமாக நிற்க வேண்டும், தலைமுடி கனம்தான். தாழ்ந்துவிட்டால் ஹெட் கேஸ்கெட் பிடிக்காது, ஆயிலில் தண்ணீர் கலந்துவிடும். இதே என்ஜின் குடும்பம்தான் 1953ல் வந்த டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது, அதுவும் 1991 சிசிதான். உலகம் முழுக்க அந்தக் காருக்கு ரசிகர்கள் இருப்பதால் லைனர், பிஸ்டன், கேஸ்கெட் எல்லாம் இன்றும் புதுசாகச் செய்து விற்கிறார்கள். அதுவும் கிடைக்காவிட்டால் ஒரு நல்ல லேத்காரர் பல சாமான்களைக் கடைந்து கொடுத்துவிடுவார்.

எல்லோரும் புகழ்ந்த உடம்புதான் எமன். கதவடித் தகடு, சக்கர வளைவு, பின்கதவின் விளிம்பு என்று துரு தின்ற இடங்களுக்கு டிங்கர் பேட்ச் போடலாம். ஆனால் வளைந்த பின்பக்கக் கண்ணாடி உடைந்தால்? முன் விளக்கு? டேஷ்போர்டின் மேல் தனிப் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் மீட்டர்கள்? இதையெல்லாம் லேத்தில் கடைய முடியாது.

இதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜெர்மன்காரர்களின் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் சுரங்கத்தில் தோண்ட, சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962ல் ஓடத் தொடங்கி 2020 வரை ஓடியது. அந்த சோவியத் யூனியனே 1991ல் காணாமல் போய்விட்டது, ஆனால் இங்கே மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது! ஸ்டோரில் ஸ்பேர் இருந்தால், இல்லாததைச் செய்துகொள்ள ஒர்க்‌ஷாப் இருந்தால், மெஷின் ஓடும்.

ஸ்டாண்டர்டின் ஸ்டோர் என்ன ஆனது? ஃபேக்டரி மூடியபின் மிச்சம் இருந்த எஸ்டி1 உதிரிபாகங்களை இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிக்கொண்டு போனது. பழைய ரோவர், டிரையம்ஃப் கார்களுக்கு ஸ்பேர் விற்கும் கடை அது. ஆக, பெருங்களத்தூர் சாமான் கப்பலேறி லிங்கனுக்குப் போனது. இங்கே காரைப் புதுப்பிக்கிறவர் அங்கே ஆர்டர் போட்டு, பவுண்டில் பணம் கட்டி, சுங்கவரியும் கட்டி வரவழைக்க வேண்டும். தாய்மாமன் வீட்டுப் பெண்ணை வெளியூரில் கொடுத்துவிட்டு, பார்க்க விசா வாங்கின கதை!

இன்னொரு சபலமும் உண்டு. எப்படியும் பிரிக்கிறோமே, அந்த 83 குதிரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரிஜினல் ரோவர் வி8ஐ மாட்டினால் என்ன? கார் பறக்கும், சந்தேகமில்லை. ஆனால் அது இன்னுமொரு ரோவர், அவ்வளவுதான். எஸ்டி1 இங்கிலாந்தில் நிறையவே பிழைத்திருக்கிறது. மெட்ராஸ்காரர்கள் இந்தக் காருக்குச் செய்த பெரிய மாற்றமே அந்த மட்டமான என்ஜின்தான். அதை எடுத்துவிட்டால் ஸ்டாண்டர்ட் 2000 என்று சொல்ல பின்பக்கத்து எழுத்து மட்டும் மிஞ்சும். மூச்சு வாங்கினாலும் வாங்கட்டும், பழைய என்ஜினையே வைத்துப் புதுப்பிப்பதுதான் சரி.

கடைசியாக ஆர்டிஓ ஆபீஸ். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் ‘விஏ’ எழுத்துகளோடு தனி நம்பர், பத்து வருஷத்துக்குச் செல்லும். தினம் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், போகும் வழியில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். 1985ல் பதிவான ஸ்டாண்டர்ட் 2000க்கு அந்த நம்பர் கிடைக்க 2035 ஆக வேண்டும். அதுவரை அரசாங்கத்தின் கண்ணில் அது வெறும் பழைய கார். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள்.