ஆறு மில்லிமீற்றர்

ஊது என்றால் நம் வீடுகளில் மௌலூது மஜ்லிஸுக்குப் புகைப்பது. அரபியில் அந்தச் சொல்லுக்கு முதற்பொருள் மரம், மரக்கட்டை. ஒரு நரம்பு வாத்தியத்துக்கும் அதுவேதான் பெயர். பக்தாதிலும் குர்துபாவிலும் இசைத்த அல்-ஊத், ஐரோப்பாவுக்குப் போய் 'லூட்' ஆயிற்று. கிற்றாருக்கு அது வாப்பாவா சாச்சாவா என்பதில் வாத்திய வரலாறு எழுதுபவர்களுக்குள் இழுபறி உண்டு. உறவுதான் என்பதில் இல்லை. கி.பி. 950இல் மௌத்தான அல்-பாராபி, தன் 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' என்ற பெருநூலில் ஊதிலும் தம்பூரிலும் விரல் வைக்கவேண்டிய இடங்களை எண்கணக்கில் சொல்லியிருக்கிறார். நரம்பு வாத்தியம் கூடுமா கூடாதா என்ற வாதமும் ஏறக்குறைய அவ்வளவு பழையது. அந்தலூஸின் இப்னு ஹஸ்ம் கூடும் என்றார். பெரும்பாலான புகஹாக்கள் கூடாது என்றார்கள். அந்த வாதத்தை நான் இங்கே எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் மகன் ஒரு மின்கிற்றார் செய்யத் தொடங்கியபோது வந்த சிக்கல் வாத்தியத்தைப் பற்றியதல்ல, மரத்தைப் பற்றியது.

நாங்கள் இருப்பது வண்ணாத்திவில்லுவில். புத்தளம் நகரிலிருந்து வடக்கே எழுவன்குளம் போகும் பாதையில், கஜுத் தோட்டங்களுக்கு நடுவே. மேற்கே களப்பு. வடக்கே கலா ஓயாவைத் தாண்டினால் வில்பத்துக் காடு. சொந்த ஊர் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது மன்னார்த்தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினோம். சில வருடம் ஓலைக்கொட்டில் முகாம்; பிறகு இங்கே ஒரு துண்டுக் காணி. வாப்பா ஓடாவி. சீவுளி, உளி, வாள் எல்லாவற்றையும் வீட்டு விறாந்தையில் சாக்குப்போட்டு மூடிவிட்டு வந்தவர். இங்கே இரவல் உளியால் வேலை செய்து, இரவல் உளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மௌத்தானார். நான் ஓடாவி ஆகவில்லை, கணித ஆசிரியன் ஆனேன். மகன் 2005இல் இங்கே பிறந்தவன். அவனுக்கு எருக்கலம்பிட்டி என்பது அடையாள அட்டை விண்ணப்பத்தில் என் பிறந்த இடம், அவ்வளவுதான்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்றறுபதுக்குப் போனது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. பெற்றோல் வரிசை, காஸ் வரிசை. அந்தக் காலத்தில்தான் அவனுக்கு மின்கிற்றார் ஆசை வந்தது. கடையில் கேட்ட விலை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. "வாங்கத் தேவையில்ல வாப்பா, செய்யலாம்" என்றான்.

எனக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் படவில்லை, ஏனென்றால் அவன் ஒரு ஆதாரத்தோடுதான் வந்தான். குவீன் இசைக்குழுவின் பிரையன் மே, 1963 ஓகஸ்டில், பதினாறு வயதில், தன் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிற்றார் செய்யத் தொடங்கினார். கழுத்துக்கு எடுத்தது ஒரு பழைய குளிர்காயும் அடுப்பின் மஹோகனிச் சட்டம். பூச்சி அரித்த துளைகளை நெருப்புக்குச்சியால் அடைத்தார்கள். விரற்பலகையில் புள்ளிகளுக்கு உம்மாவின் தையற்பெட்டியிலிருந்து முத்துச்சிப்பிப் பொத்தான். நரம்பைத் தளர்த்தி இழுக்கும் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் வால்வ் ஸ்பிரிங். முடிய ஏறக்குறைய இரண்டு வருடம். அந்தக் கிற்றாரோடுதான் அவர் 2002இல் இங்கிலாந்து அரண்மனைக் கூரையில் ஏறி நின்று வாசித்தார். தகப்பன் இலத்திரனியல் தெரிந்தவர் என்பதை மகன் என்னிடம் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகச் சொன்னான்.

உடலுக்கு மலைவேம்பு. சிங்களத்தில் லுணுமிதெல்ல என்பார்கள்; இலேசான மரம், தோணிக்கு மிதவைக்கட்டை போடுகிற மரம். மின்கிற்றாருக்கு வயிறு இல்லை, உள்ளே பொந்து வேண்டாம், ஒரு பலகை போதும். கழுத்துக்கு ஒரு பழைய கட்டிலின் மஹோகனிச் சட்டம். உடைந்த சாதாரணக் கிற்றார் ஒன்றைப் புத்தளத்தில் மலிவாக வாங்கி அதன் முறுக்காணிகளையும் விரற்பலகையின் உலோகக் கட்டைகளையும் கழற்றினான். நரம்பு தாங்கும் பாலத்துக்கு ஹாட்வெயார் கடையில் மூன்று அங்குலப் பித்தளைப் பிணைச்சல். அதில் ஆறு துளை. தலைப்பக்கம் நரம்புகள் உட்காரும் சிறு துண்டுக்கு ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பான் மாட்டெலும்பு, அவித்து வெயிலில் காயவைத்தது. ஆறு நரம்பும் சேர்ந்து இழுக்கும் விசை நாற்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது, ஒரு சீமெந்துப் பையைத் தொங்கவிட்டது மாதிரி. அது கழுத்தை வளைத்துவிடாமல் உள்ளே ஒரு இரும்புக்கம்பி ஓடவேண்டும். லேத் பட்டறையில் இரு முனைக்கும் புரி வெட்டிக் கொடுத்தார்கள்.

மிச்சம் விரற்பலகை. அதற்கு வைரமான மரம் வேண்டும். நரம்பை இருபது வருடம் அதன்மேல் வைத்து அழுத்தினாலும் பள்ளம் விழக்கூடாது. கருங்காலி, இல்லாவிட்டால் முதிரை. கருங்காலியை நினைத்தாலே வனத்திணைக்களம் வரும். முதிரை எங்கள் வீட்டில் இருந்தது, உம்மாவின் கட்டிலுக்குக் கீழே.

அது ஒரு நிலையின் மேற்சட்டம். 2010இல் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை, கிணற்றடியில் துலா இல்லை. முன்வாசல் நிலையின் இரண்டு நெடுஞ்சட்டங்களையும் யாரோ கழற்றியிருந்தார்கள். மேற்சட்டம் மட்டும் சுவர்மண்ணோடு சரிந்து கிடந்தது. அதில் வாப்பா தன் உளியால் வெட்டிய 1968 என்ற எண் இருந்தது, எட்டின் கீழ்வளையம் மேல்வளையத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக. கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி வானின் கூரையில் கட்டிக் கொண்டுவந்தோம். "ஊர்ல வீடு கட்டேக்க இதை வாசலுக்கு வைக்கவேணும்" என்று உம்மா சொன்னா. கட்டிலுக்குக் கீழே தள்ளி, கறையானுக்கு மண்ணெண்ணெய் தடவினா. வருடத்துக்கு இரண்டு தடவை, பெருநாள்களுக்கு முன், வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பவும் தள்ளுவா.

பன்னிரண்டு வருடம் போனது. ஊரில் பலர் மீண்டும் குடியேறினார்கள்; பலர் பதிவை மட்டும் அங்கே மாற்றிவிட்டு இங்கே இருந்தார்கள்; பலர் எங்களைப்போல ஒன்றும் செய்யவில்லை. என் வேலை இங்கே. மகன் படிப்பது இங்கே. வாப்பாவின் கபுறும் இங்கே. கட்டுவோமா என்று உம்மா கேட்டதில்லை, மாட்டோம் என்று நாங்களும் சொன்னதில்லை. அந்தச் சட்டம் கட்டிலுக்குக் கீழே இருந்தவரையில் யாரும் எதையும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அதில் வாளை வைப்பது என்றால் அந்தப் பேச்சைத் தொடங்குவது. அதனால் நான் மகனிடம் வேறு முதிரை தேடுவோம் என்றேன். அவன் என்னிடம் கேட்காமல் நேரே வாப்பும்மாவிடம் போய்விட்டான்.

உம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு வேணும்?"

ஒன்றரை அடி நீளம், இரண்டரை அங்குல அகலம், ஆறு மில்லிமீற்றர் தடிப்பு. அவன் கடதாசியில் வெட்டிக் காட்டினான். உம்மா அந்தக் கடதாசியைச் சட்டத்தின்மேல் வைத்துப் பார்த்தா. ஒரு நாள் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு, "பின்னுக்கால எடு. எழுத்து இருக்கிற பக்கம் கை வைக்காதே. உங்க மூத்தாப்பா அந்தப் பக்கம் சீவவே இல்ல, சுவருக்குள்ள போறதுதானே எண்டு விட்டுட்டார்" என்றா. பிறகு என்னைப் பார்த்து, "வாசலுக்கு அது போதும். மூணு அங்குலம் தடிப்பு, ஒரு நூல் குறைஞ்சா என்ன?" என்றா. வாசல் இன்னும் கணக்கில் இருக்கிறது என்று எனக்குச் சொன்னதாகத்தான் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அறுத்தது எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சிங்கள ஓடாவி. கரண்ட் வாள் வேண்டாம், கைவாளால் அறுக்கிறேன் என்றார், மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு. முக்கால் நாள் எடுத்தது. வெளியே கறுத்துப்போயிருந்த மரம் உள்ளே மஞ்சள், மினுமினுப்பு. முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் ஒவ்வாது. மகனின் முழங்கை தடித்து இரண்டு நாள் சொறிந்தான்.

அதற்குப் பிறகு என் முறை. விரற்பலகையில் கட்டைகளைப் பதிக்கும் இடங்கள் கணக்குப் போட வேண்டியவை. நரம்பின் நீளம் 648 மில்லிமீற்றர் என்று வைத்தோம். ஒவ்வொரு கட்டைக்கும் மிச்ச நீளத்தை 17.817 ஆல் பிரிக்கவேண்டும். முதற்கட்டை 36.37இல், இரண்டாவது 70.70இல், ஐந்தாவது 162.55இல், பன்னிரண்டாவது சரியாக நடுவில், 324இல். இந்த எண் இரண்டின் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து வருவது. வகுப்பில் மூலங்களைக் கற்பிக்கும்போது "இது எதுக்கு சேர்?" என்று கேட்காத பிள்ளை இல்லை. பழைய லூட் செய்பவர்கள் பதினெட்டால் பிரித்தார்கள். 1581இல் அந்த விதியை எழுதிவைத்தவர் வின்செஞ்சோ கலிலேயி, கோள்களைப் பார்த்த கலிலியோவின் தகப்பன். பதினெட்டு என்று வைத்தால் பன்னிரண்டாவது கட்டை 321.6இல் விழும், இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் குறைவு. இரண்டு மில்லிமீற்றர் காதுக்குக் கேட்குமா என்றால், கேட்கும். கட்டை இறங்கும் வெட்டு அரை மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டிய அகலம்தான் இருக்கவேண்டும். இரும்பறுக்கும் வாள் அலகின் பல் விரிவைச் சாணைக்கல்லில் இரு பக்கமும் தேய்த்து அந்த அளவுக்குக் கொண்டுவந்தான். இருபது வெட்டு. ஒவ்வொன்றுக்கும் நான் அளவுகோலைப் பிடித்தேன், அவன் அறுத்தான். முப்பது வருடக் கற்பித்தலில் இவ்வளவு கவனமான மாணவன் எனக்குக் கிடைத்ததில்லை.

மின்கிற்றாரில் 'மின்' என்பது ஒரு சுருள். இரும்பு நரம்பு காந்தத்தின்மேல் அதிரும்போது அதைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் சிறு மின் அலை பிறக்கும். பரடே கண்டுபிடித்த அதே தூண்டல். காந்தத்துக்கு அலுமாரிக் கதவைப் பிடித்துவைக்கும் காந்தப்பூட்டு இரண்டு. கம்பி தலைமுடியளவு மெல்லியது, கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் தேடி எடுத்தது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளம், எடை சுமார் முப்பது கிராம். ஏழாயிரத்து இருநூறு சுற்று. சுற்றுவதற்கு உம்மாவின் கைத்தையல் இயந்திரத்தில் நூல் சுற்றும் சில்லு. எண்ணுவதற்குக் கல்குலேற்றர்: ஒன்றைக் கூட்டச் சொல்லிவிட்டு, சமன் பொத்தானின் இரு முனையையும் சில்லோடு தொடுத்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று ஏறும். இரண்டு தடவை கம்பி அறுந்தது. மூன்றாம் தடவை உம்மா அவனை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தா. "நீ வெட்டி வெட்டிச் சுத்துறாய், இது நூல் மாதிரி இழுபடுமா?" அசறுக்கும் மஃரிபுக்கும் இடையே இரண்டு நாள். கம்பி அறவேயில்லை. மீற்றரில் 5.8 கிலோஓம் காட்டியது.

ஒலிபெருக்கிக்கு எல்.எம். 386 என்ற சிறு சில்லு, ஒன்பது வோல்ற் பற்றரி, பழைய றேடியோவின் ஸ்பீக்கர். கரண்ட் இருந்த நேரத்தில் முதலில் போட்டபோது நரம்பின் சத்தத்தைவிட ஒரு இரைச்சல் பெரிதாகக் கேட்டது. ஒற்றைச் சுருளின் குணம் அது. சுவருக்குள் ஓடும் கரண்டின் ஐம்பது அதிர்வையும் சேர்த்து வாங்கிப் பாடும். மகன் மண் இணைப்பைப் பார்த்தான், உள்ளே செப்புத்தகடு ஒட்டினான், கொஞ்சம் குறைந்தது. இரவு எட்டு மணிக்குக் கரண்ட் போனது. தெருவே இருண்டது. இரைச்சல் வெட்டிவிட்ட மாதிரி நின்றது. பற்றரியில் நரம்பு மட்டும் தனியாகக் கேட்டது. பிறகு சில மாதம் அவன் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் வாசித்தான். நாட்டில் மின்வெட்டை எதிர்பார்த்திருந்த ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும்.

என்ன வாசிக்கிறான் என்று கேட்பவர்களுக்கு: ஏ. ஈ. மனோகரனின் பொப் பாடல்கள், புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் இருக்கும் காப்பிரி மக்களின் மஞ்ஞா மெட்டு, அவனுக்கு மட்டும் தெரிந்த சில. பள்ளிவாசலில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார், "ஆசிரியர் வீட்டில இப்படியா?" என்று. வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றேன். வந்தார். உம்மா தேத்தண்ணி கொடுத்தா. அவர் கிற்றாரைப் பார்க்கவில்லை. கட்டிலுக்குக் கீழிருந்து உம்மா இழுத்துக் காட்டிய சட்டத்தைப் பார்த்தார், 1968ஐ விரலால் தடவினார். அவரும் மன்னார்தான், முசலிப் பக்கம். தங்கள் வீட்டு நிலை பாலை மரம் என்றார், வேறு ஒன்றும் பேசவில்லை.

இப்போது என் தங்கையின் மகனும் ஒன்று செய்யவேண்டும் என்று நிற்கிறான். உடலுக்கு மலைவேம்பு பார்த்தாயிற்று, கம்பியும் மிச்சம் இருக்கிறது. போன கிழமை வந்து, வாப்பும்மா மாதிரித்தானே உம்மம்மாவும் என்ற தைரியத்தில், கட்டிலடியில் குனிந்தான். உம்மா தஸ்பீஹை நிறுத்தாமலே காலால் சட்டத்தை உள்ளே தள்ளினா.

"அது வாசலுக்கு. நீ வேற மரம் பாரு."