இளையவர்களுக்கு எதைக் கொடுத்துவிட்டுப் போவது?

மெயின்ஃபிரேம் துறையில் என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் இதில் வந்து நிற்கும்: "இப்ப வர்ற பசங்க பிரவுசரைத் திறந்து நாலு தட்டு தட்டுறாங்க, மென்பொருள் ஏறிடுது. நாம பட்ட பாடு இவங்களுக்கு எங்கே தெரியப்போகுது?" நாம் பட்ட பாடு நிஜம்தான். அதை அடுத்த தலைமுறையும் பட வேண்டும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அந்தப் பாட்டில் பாதி, துளை அட்டை விட்டுச் சென்றது. ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த அட்டையில் எண்பது நெடுவரிசைகள். 1971-இல் வந்த 3270 முனையத் திரையிலும் வரிக்கு எண்பது எழுத்து. அட்டை ஒழிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது; மெயின்ஃபிரேமுக்கு வேலையைச் சொல்லும் ஜேசிஎல் கட்டளைகளை எழுதுகிறவர் இன்றும் 71-ஆம் இடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் ஜாப் பிழையோடு திரும்பிவிடும். புது மென்பொருள் என்றால் இப்படி வரிசையாக ஜாப்கள். ஒவ்வொன்றுக்கும் ரிட்டர்ன் கோட் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போக முடியும். போதாக்குறைக்கு, நிறுவனத்துக்கு ஒரு நிறுவும் முறை. இதில் எங்கள் பொறுமை தேய்ந்தது. அறிவு வளர்ந்ததாகச் சொல்ல மாட்டேன்.

2009-இல் வந்த இசட்/ஓஎஸ்எம்எஃப் என்னும் நிர்வாக மென்பொருள் இந்தச் சுமையைப் பிரவுசருக்கு மாற்றியது. முதலில் அனுபவசாலிகள் பலரும் அதைத் தொடவே தயங்கினார்கள். ஆனால் 2021-இல் வெளியான 2.5 பதிப்பு தொடங்கி, இசட்/ஓஎஸ் இயங்குதளத்தை சர்வர்பேக் என்னும் தொகுப்பாக வாங்குகிறவர்கள் நிறுவுவதே இப்போது அதன் வழியாகத்தான். பிராட்காம், பிஎம்சி, ராக்கெட் போன்றவர்களும் அதே முறைக்கு வந்திருக்கிறார்கள். 2018-இல் தொடங்கிய ஸோவி என்னும் திறமூலத் திட்டத்தால், இளைஞர்கள் தங்களுக்குப் பழகிய விஎஸ் கோட் என்னும் நிரல் எழுதும் கருவியிலிருந்தே மெயின்ஃபிரேம் கோப்புகளைத் திறக்கிறார்கள். நல்ல காரியம்.

கைமாற்ற வேண்டியது வேறொன்று இருக்கிறது: நின்று நிதானிக்கும் பழக்கம். புதுத் திரைக்கு அடியில் இன்றும் வேலை செய்வது, மென்பொருளை நிறுவித் திருத்தும் எஸ்எம்பி/இ. அதில் மூன்று படி. ரிசீவ் என்றால் வந்த திருத்தத்தை வாங்கி வைப்பது. அப்ளை என்றால் இயங்கும் லைப்ரரிகளில் சேர்ப்பது. அது சரிப்படவில்லை என்றால் ரீஸ்டோர் கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். மூன்றாவது, அக்செப்ட். அதைக் கொடுத்ததும் திருத்தம் மூலப் பிரதியிலும் ஏறிவிடும். ரீஸ்டோர் வழி அடைபடும். அதனால் விவரமானவர்கள் அப்ளை முடித்த கையோடு அக்செப்ட் கொடுப்பதில்லை. மாதக் கடைசிக் கணக்கு ஓடட்டும், காலாண்டு முடியட்டும் என்று காத்திருப்பார்கள். ஓய்வு பெற்றபின் சொந்த ஊரில் குடியேற நினைத்தபோது நானும் என் மனைவியும் இதைத்தான் செய்தோம். நகரத்து வீட்டை விற்காமல், ஊரில் முதலில் வாடகைக்கு இருந்து பார்த்தோம்.

திருத்தங்கள் சிலவற்றோடு ஹோல்ட் குறிப்பும் வரும். ஏற்றும் முன் இந்த ஆவணத்தைப் படி, ஏற்றியபின் ஐபிஎல் செய் (அதாவது இயங்குதளத்தை மறுபடி தொடக்கு) என்று அது சொல்லும். பைபாஸ் என்று ஒரு சொல் போட்டால் அதைத் தாண்டிப் போய்விடலாம். வேலை எளிதாக எளிதாகத் தாண்டுவதும் எளிதாகிவிடுமோ என்பது ஒன்றுதான் என் கவலை. வங்கிக் கணக்கும் விமான டிக்கெட்டும் ஓடுகிற இயந்திரங்கள் இவை.

கடைசியாக நான் பழக்கிய பெண் அந்தக் கவலையைப் பெருமளவு தீர்த்துவைத்தாள். அப்ளைக்கு முன் ஒத்திகை பார்க்கும் அப்ளை செக்கின் அறிக்கையைப் புதுத் திரையில் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஐபிஎல் செய்யச் சொல்லும் ஒரு ஹோல்ட் குறிப்பில் நின்றாள். "சார், லைப்ரரியிலதான் புது மாட்யூலை மாத்திடுறோமே, அப்புறம் எதுக்கு ஐபிஎல்?" என்றாள். காற்புள்ளி தேடி அலுத்த காலத்தில் இதைக் கேட்கத் தெம்பு இருந்தவர்கள் குறைவு. காகிதத்தில் படம் போட்டேன். அந்த மாட்யூல் எல்பிஏ என்னும் பொது நினைவகப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஐபிஎல் நேரத்தில்தான் லைப்ரரியிலிருந்து அங்கே ஏறுகிறது. வட்டில் மாற்றினாலும் நினைவகத்தில் ஓடுவது பழைய பிரதிதான்.

ஞாயிறு விடியற்காலை ஐபிஎல் செய்யும்போது தானும் வரலாமா என்று கேட்டாள். வரச் சொன்னேன்.