படம் வரையாமல் நடத்திய பாடம்

இயல்நிலைப் பரவலைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல வருடம் தவறாக நடத்தியிருக்கிறேன். விடைகள் பெரும்பாலும் சரியாக வந்தன, மதிப்பெண்ணும் வந்தது. அதனால் யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: கொடுத்த எண்ணிலிருந்து சராசரியைக் கழி, திட்ட விலக்கத்தால் வகு, இசட் மதிப்பு கிடைக்கும். அட்டவணையைப் பார். ‘அதற்கு மேல்’ என்று கேட்டால் 0.5-இலிருந்து கழி, ‘அதற்குக் கீழ்’ என்றால் 0.5-உடன் கூட்டு. “எதுக்கு சார் 0.5?” என்று ஒரு மாணவி கேட்டாள். “பரீட்சைக்கு அது வேண்டாம்மா, ஸ்டெப்பைப் போடு” என்று உட்காரவைத்தேன். எனக்கே அதை விளக்கத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

ஒரு பல்பு கணக்கில் என் குறை வெளிப்பட்டது. சராசரி ஆயுள் 1000 மணி நேரம், திட்ட விலக்கம் 100. 850 மணி நேரத்துக்கு மேல் எரிபவை எத்தனை சதவீதம்? இசட் மதிப்பு −1.5. அட்டவணையில் 1.5-க்கு 0.4332. ‘மேல்’ என்று கேட்டதால் பிள்ளைகள் கழித்தார்கள்: 0.0668. அதாவது ஏழு சதவீதம்கூட இல்லை. பாதி பல்புகள் 1000 மணி நேரத்தையே தாண்டும்போது, 850-ஐத் தாண்டுபவை எப்படி ஏழாகக் குறையும்? வகுப்பில் ஒருவருக்கும் இந்தச் சந்தேகம் வரவில்லை. வரவிடாமல் செய்தவன் நான்.

அன்று இரவு உட்கார்ந்து மணி வடிவ வளைவரையை வரைந்து பார்த்தேன். அதன் கீழுள்ள மொத்தப் பரப்பு 1. சராசரியில் நிற்கும் நடுக்கோடு அதை இரண்டு 0.5-ஆகப் பிரிக்கிறது. எங்கள் அட்டவணை தருவது நடுக்கோட்டிலிருந்து இசட் வரையுள்ள பரப்பை மட்டுமே. 850 இடப்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து நடுக்கோடு வரை 0.4332, அதோடு வலப்பக்கப் பாதி முழுவதும் சேரும். விடை 0.9332, நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பல்புகள்.

அந்த மாணவி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவளுக்கு அதை நான் கொடுக்கவில்லை.

இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முதலில் வளைவரையை வரையச் சொல்லுங்கள், கேட்ட பகுதியை நிழலிடச் சொல்லுங்கள். விடை பாதிக்கு மேலா கீழா என்று பிள்ளைகளே சொல்லட்டும். அட்டவணையை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.