மீனுக்கும் கடனுண்டு

இற்றைக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன், பருத்தித்துறைக் கடற்கரையை அடுத்திருந்த எமது சிறுவீட்டின் பின்முற்றத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி இன்னும் என் நெஞ்சை விட்டகலவில்லை. ஐயா கொணர்ந்த பாரை மீனொன்றை அம்மா அரிந்துகொண்டிருந்தார். வயிற்றைக் கீறியதும், ஈரலின் மேல் வெண்ணூற் சுருள்களைப் போலச் சில புழுக்கள் ஒட்டியிருக்கக் கண்டேன். "இந்த மீன் எனக்கு வேண்டாம்" என்று அழுதேன். ஐயா சிரித்தார்.

"கடல் மீனுக்கு இது இருக்கிறதுதான் மோனை. குடலோடை எறிஞ்சுபோட்டு நல்லாய்க் கொதிக்க வைச்சால் ஒண்டும் செய்யாது" என்றார்.

அவர் கூறியது மெய்யே என்பதைப் பின்னாளில் விலங்கியல் பயின்றபோது அறிந்தேன். இத்தகைய புழுக்கள் பெரும்பாலும் 'அனிசாக்கிட்' என்னும் உருளைப்புழுக் குடும்பத்தின் இளம் பருவங்களாகும். திமிங்கிலம், ஓங்கில், கடல்நாய் முதலியவற்றின் வயிற்றில் முதிர்ந்த புழு இடும் முட்டைகள் மலத்துடன் கடலிற் கலக்கின்றன. முட்டையிலிருந்து வரும் நுண்புழுவைக் கூனி போன்ற சிற்றுயிர் விழுங்குகிறது. அச்சிற்றுயிரை மீன் விழுங்குகிறது. மீனினுட் புகுந்த புழு, ஈரலிலோ குடற்புறத்திலோ தசையிலோ சுருண்டு, அம்மீனைத் திமிங்கிலமோ கடல்நாயோ உண்ணும் நாள்வரை காத்துக் கிடக்கிறது.

மீன் வீணே இறந்து கடலடியில் அழுகினாற் புழுவுக்கும் அழிவே. மீனின் உடலும் புழுவைச் சுற்றி ஓர் உறையை அமைத்து அதனை அடக்கி வைக்கிறது. ஆதலால் எண்ணிறந்த மீன்கள் சில புழுக்களைச் சுமந்தபடியே நீந்தி, இரைதேடி, முட்டையிட்டு வாழ்கின்றன.

ஆயின், பங்கு கேட்போர் தொகை பெருகி இரையும் அருகினால் நிலைமை வேறாகும். ஐரோப்பாவிலே, பால்டிக் கடலின் கிழக்குப் பகுதியில் வாழும் கொட் மீன் இதற்குச் சான்று. வேட்டையாலும் நஞ்சுக் கழிவுகளாலும் அங்கு அருகிப்போயிருந்த சாம்பற் கடல்நாய்கள், பாதுகாக்கப்பட்டபின் மீண்டும் பெருகின. அவற்றின் வயிற்றில் முதிரும் புழுவும் உடன் பெருகிற்று. கொட் மீன் தன் கொழுப்பைச் சேமித்து வைப்பது ஈரலிலேதான். பிள்ளைகளுக்குக் கரண்டியில் ஊட்டும் மீனெண்ணெய் அங்கிருந்தே பெறப்படுவது. அந்த ஈரலிற் புழுக்கள் மலிந்த மீன்கள் மெலிந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். எனினும் புழு ஒன்றே குற்றவாளி என்று கூறிவிட இயலாது. ஆழ்நீரில் ஒட்சிசன் குறைந்தது, இரை குன்றியது, மீன்பிடியும் மிகுந்திருந்தது. யாவும் சேர்ந்தே அவ்வினத்தை நலியச் செய்தன. 2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அங்கு கொட் மீன்பிடியின் பெரும்பகுதியை நிறுத்த நேர்ந்தது.

இதனைப் படித்த இரவில் எனக்கு ஐயாவின் நினைவு வந்தது. வலை வாங்குவதற்காக அவர் ஒரு சம்மாட்டியிடம் முன்பணம் பெற்றிருந்தார். பிடித்த மீனில் ஒரு பங்கு நாள்தோறும் அங்கே போகும். கடல் வாரி வழங்கிய நாட்களில் அப்பங்கு எமக்குத் தோன்றவேயில்லை. வாடைக்காற்றுக் கடுமையாக வீசி, வள்ளங்கள் கரையிலே கிடந்த ஓராண்டில், அதே கடன் எமது உலைப்பானைக்குள் வந்து புகுந்தது. அம்மாவின் தோடு போயிற்று. அக்காவின் படிப்பு நின்றது. சம்மாட்டி கொடியவரல்லர், என்றும் கேட்டதையே அன்றும் கேட்டார். மெலிந்தவர்கள் நாங்கள்.

புழு இருப்பதனாலேயே ஒரு மீன் நோயுற்றதென்று கொள்ளலாகாது. அதனைத் தாங்கும் வலிமையை மீன் இழந்துவிட்டதா என்பதே கேள்வி. அவ்வலிமையைக் கொடுப்பது இரை நிறைந்த தூய கடல். அக்கடலைக் கெடுப்பதும் காப்பதும் மனிதர் கையிலேயே உள்ளன.

சென்ற மாதம் என் பேத்தி, மீனின் ஈரலிற் புழுவைக் கண்டு, "அப்பப்பா, இது வருத்தக்கார மீனோ?" என்று முகஞ்சுளித்தாள்.

"புழுவை விடு பிள்ளை. முதுகுத் தசையைத் தொட்டுப் பார். கொழுத்திருக்கோ, மெலிஞ்சிருக்கோ?" என்றேன்.

அவள் தயங்கித் தொட்டுப் பார்த்தாள். "கொழுத்துத்தான் இருக்கு" என்றாள்.

அன்று இருவரும் வயிறார உண்டோம்.