பிக் பேர்டிடம் யார் சொல்வது?

1982 டிசம்பரில் வில் லீ என்ற நடிகர் இறந்துபோனார். அமெரிக்கக் குழந்தைகளுக்கு அவர் ‘செசமி ஸ்ட்ரீட்’ தொலைக்காட்சித் தொடரில் 1969 முதல் கடை வைத்திருந்த மிஸ்டர் ஹூப்பர்.

தொடரை எடுத்தவர்களுக்குச் சுலபமான வழிகள் இருந்தன. வேறொரு நடிகரைப் போடலாம், வெளியூர் போய்விட்டார் என்று முடித்துவிடலாம். நம் வீடுகளிலும் பாட்டி தூங்குகிறாள், சாமிகிட்ட போயிருக்கிறாள் என்றுதானே சமாளிக்கிறோம்? தூங்குகிறாள் என்று கேட்ட பிள்ளை ராத்திரி கண்ணை மூடவே பயப்படலாம்.

தொடரின் எழுத்தாளர் நார்மன் ஸ்டைல்ஸ் நேர்வழியில் போனார்: ஹூப்பரும் இறந்துவிட்டதாகவே எழுதினார். உளவியலாளர்களிடமும் யோசனை கேட்டார்கள். அந்தப் பகுதி ஒளிபரப்பானது 1983 நவம்பர் 24, தாங்க்ஸ்கிவிங் விடுமுறை நாளில். கேள்வி கேட்கும் குழந்தைக்குப் பதில் சொல்லப் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்களே!

பிக் பேர்ட் என்ற மஞ்சள் பறவை எல்லோரையும் படம் வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பரின் படத்தை வைத்துக்கொண்டு அவரைத் தேடுகிறது. இறந்துவிட்டாரே, சொன்னோமே என்கிறார்கள் அங்கிருக்கும் பெரியவர்கள். சரி, திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. இறந்தவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று அவர்களில் ஒருத்தியான சூசன் பொறுமையாக விளக்குகிறாள். உடனே பறவைக்கு வேறு கவலை: இனி எனக்கு யார் மில்க் ஷேக் போட்டுத் தருவார், யார் கதை சொல்வார்?

சின்னப் பிள்ளைகளின் துக்கம் பல நேரம் இப்படித்தான் பேசும். அதைச் சுயநலம் என்று அதட்டுவது அநியாயம். கடையை ஏற்றுக்கொண்ட டேவிட், மில்க் ஷேக்கை இனி நான் போட்டுத் தருகிறேன் என்கிறான்.

ஏன் இப்படி நடக்க வேண்டும் என்றும் பறவை கேட்டது. அதற்கு மட்டும் அங்கே யாரும் காரணம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.