மனக்கண் திறந்த கதை

"கண்ணை மூடு, என்ன தெரிகிறது?" என்று யாராவது கேட்டால், போன வருஷம் வரை என்னிடம் ஒரே பதில்தான். இருட்டு!

சிரிக்காதீர்கள் நண்பர்களே. டிராயிங் ஹாலில் ஒரு ஐசோமெட்ரிக் படத்தைக் கொடுத்து ஃப்ரண்ட் வியூ, டாப் வியூ, சைடு வியூ வரையச் சொன்னால், அந்த இரும்புத் துண்டு நம்மில் எத்தனை பேர் மனதுக்குள் திரும்பிக் காட்டியிருக்கிறது? எனக்குக் காட்டவில்லை. அரியர் விழுந்தது. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அரியர் என்றால் என்னவென்று அப்பாவுக்குப் புரிய வைக்கவே ஒரு நாள் ஆயிற்று.

அப்போதுதான் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மந்திரப் புத்தகம் வாங்கினேன். 48 நாள் விளக்குச் சுடரை உற்றுப் பார்த்தால் நினைத்த உருவம் மனக்கண்ணில் வந்து நிற்குமாம். ஒன்பதாம் நாள் தலைவலிதான் வந்து நின்றது. அம்மா புத்தகத்தைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

"உருவம் பாக்கணும்னா பட்டறைக்கு வாடா" என்றார் அப்பா.

சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் அப்பாவுக்கு மண் பூசும் வேலை. அங்கே ஸ்தபதி ஐயா மெழுகைத் தொடுமுன் தியான சுலோகம் சொல்வார். எத்தனை கை, எந்தக் கையில் என்ன, எந்தக் கால் தூக்கியது, எல்லாம் அதில் இருக்கும். அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்துக்கொள்வார். உத்தம தச தாளம் என்றால் உயரம் 124 பங்கு.

"முழு உருவமும் எப்படிங்கய்யா மனசுல தெரியுது?" என்று கேட்டேன்.

"முழுசா யாருக்குத் தம்பி தெரியும்? பாதத்துலேர்ந்து வா. மங்குற எடத்துல நிறுத்து. கண்ணைத் தெறந்து பாரு. மறுபடி பாதத்துலேர்ந்து வா. அவ்வளவுதான் மந்திரம்."

நடராஜரை வைத்துப் பழகினேன். கீழே முயலகன். அவன்மேல் வலது கால். பிறகு தூக்கிய இடது கால்... அங்கேயே மங்கிவிட்டது! உள்ளங்கால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது? சின்ன வயதிலிருந்து கும்பிட்ட உருவம்தான். ஒரு நாளும் பார்க்கவில்லை என்று அன்றுதான் தெரிந்தது. உடுக்கை, நெருப்பு, அபய கரம் என்று மேலே வந்து சேர இரண்டு வாரம் ஆனது.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் கலந்து செய்த உருவத்தின்மேல் அப்பா காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசுவார். அதன்மேல் கனமாக மண். காயவைத்துச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். மிச்சம் வெறும் காலியிடம். அதில்தான் உலோகம் ஊற்ற வேண்டும். அச்சை உடைத்தால்தான் சிலை, தப்பினால் எல்லாம் முதலிலிருந்து.

ஒரு நாள் அந்த மண் மூட்டையை விரலால் தட்டிக்கொண்டே சொன்னார்: "இங்க தோளு. இங்க வெரலு, ரொம்ப மெல்லிசு, ஒலோகம் போய்ச் சேரணும். இங்க காத்து அடைக்கும், அதான் வழி விட்டிருக்கேன்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. செக்‌ஷனல் வியூ! நான் அரியர் வைத்த கேள்வி! கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அப்பா, மூடிய மண்ணுக்குள் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்று முதல் துணி சோப்பை வெட்டிப் படிக்கட்டு மாதிரி செய்து, தினமும் இருபது நிமிஷம். அடியிலிருந்து ஒவ்வொரு முகமாக. மங்கினால் கண்ணைத் திறந்து பார்ப்பேன். பிறகுதான் பென்சில். அரியர் போனது, 58 மார்க். பெரிய மார்க் இல்லைதான். ஆனால் ஒரு கோடுகூடப் பக்கத்து ஷீட்டைப் பார்த்துப் போட்டதில்லை!

ஜூனியர் தம்பிகளே, தங்கைகளே, மனக்கண் பிறவி வரம் இல்லை. மங்கும் இடத்தை ஒப்புக்கொள்ளுங்கள், தானாகத் தெளியும்.

சுவாமிமலையில் பிள்ளை அப்பனுக்கு உபதேசம் செய்தார் என்பது ஊரறிந்த கதை. அதே ஊரில் ஒரு பிள்ளைக்கு அப்பன் சொன்ன உபதேசம் இது.